திங்கட்கிழமை மட்டும் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை: பேட்டரியைக் குடிப்பது எது?

தோபாயோ வேன்காரன்:
வணக்கம். ஏர்கான் சர்வீஸ் வேலை, கம்பெனி டீசல் வேன். இரவில் சிங்கப்பூர் தோ பாயோவில் என் புளோக்குக்குப் பக்கத்துப் பல மாடி கார்நிறுத்துமிடத்தில் நிற்கும். செவ்வாய் முதல் சனி வரை ஒரு தொல்லையும் இல்லை. திங்கள் காலை ஆறரைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்', அவ்வளவுதான். மூன்று வாரமாக இதே கதை. பேட்டரி போன மாதம்தான் புதிது, 65 ஆம்பியர்-மணி. இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், திங்கள் காலை 11.9. புதிய ஈஆர்பி (சாலைக் கட்டணம் பிடிக்கும்) கருவி பொருத்திய பிறகுதான் இப்படி என்று சூப்பர்வைசர் சாதிக்கிறார். ஏர்கானுக்கு வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி கேபிளில் மாட்டினேன், 0 காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

லாரி ஓட்டி:
பேட்டரிக்கு வாரண்டி இருக்குமே, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காக்கி புக்கிட் மெக்கானிக்:
மாற்றினாலும் அடுத்த திங்கள் அதேதான். தம்பி, உங்கள் கிளாம்ப் மீட்டர் ஏசி கரண்ட், அதாவது வீட்டு மின்சாரம் மட்டும் அளக்கிற வகையாக இருக்கும். பேட்டரியில் ஓடுவது டிசி, ஒரே திசையில் போகிற கரண்ட், அது 0 காட்டத்தான் செய்யும்.

சாதாரண மல்டிமீட்டர் எடுங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள், நிறைய பேர் மறப்பது இதைத்தான். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட்டர் இழுப்பு நூறு ஆம்பியருக்கு மேல், மீட்டர் பியூஸ் போய்விடும். கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதுபோல் ஏமாற்றுங்கள். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். அப்புறம் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அரைமணி நேரம்கூட ஆகலாம், அதற்கு முன் வரும் எண்ணை நம்ப வேண்டாம். 50 மில்லிஆம்பியருக்கு (0.05 ஆம்பியர்) கீழே வந்து நின்றால் வண்டி யோக்கியம்.

அதிகமாக இருந்தால் பியூஸைப் பிடுங்காதீர்கள், திரும்பச் சொருகும்போது தூங்கியதெல்லாம் விழித்துக்கொள்ளும். பியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றைத் தொடுங்கள். 0 என்றால் அந்த வழியில் கரண்ட் போகவில்லை.

தோபாயோ வேன்காரன்:
ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. நாற்பது நிமிடம் பொறுத்தும் 0.62 ஆம்பியரில் அசையாமல் நின்றது. ஆனால் எந்தப் பியூஸிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஈஆர்பி கருவியின் வழியும் சுத்தம். காற்றிலா போகிறது?

காக்கி புக்கிட் மெக்கானிக்:
பியூஸ் பெட்டிக்கே வராத வயர் ஒன்று இருக்கிறது. பேட்டரி பிளஸ் முனையில் எத்தனை கேபிள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அடுத்து ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) டயோடைத்தான் சந்தேகப்பட வேண்டும்; அது கெட்டால் நின்ற வண்டியிலும் கரண்ட் கசியும்.

தோபாயோ வேன்காரன்:
அண்ணே, பிடித்துவிட்டேன்! பிளஸ் முனையில் தடித்த கேபிள்களுக்கு அடியில் ஒரு ஒல்லி சிவப்பு வயர். தரைவிரிப்புக்கு அடியிலேயே போய், பின்னால் செப்புக்குழாய் சுருளுக்குப் பின்னே இருந்த இன்வெர்ட்டரில் (பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) முடிந்தது. எனக்கு முன் இந்த வேனை ஓட்டியவர் டிரில் பேட்டரி சார்ஜ் போட வைத்தது போல. ஸ்விட்ச் ஆனிலேயே இருந்திருக்கிறது. வயரைக் கழற்றியதும் 0.03.

காக்கி புக்கிட் மெக்கானிக்:
ஒன்றுமே மாட்டாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் தின்னும். சனி மாலை ஆறு முதல் திங்கள் ஆறரை வரை முப்பத்தாறரை மணி நேரம், 0.62 வீதம் சுமார் 23 ஆம்பியர்-மணி. நிறைந்த 65 பேட்டரி அதைத் தாங்கியிருக்கும். ஆனால் புளோக்குக்குப் புளோக் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வண்டியில் பேட்டரி எங்கே நிறைகிறது? இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகும்படி ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) வைத்துக் கட்டுங்கள். பேட்டரியை ஒரு இரவு சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றிவிட்டு, லோடு டெஸ்ட் பண்ணி, பாரம் கொடுத்தால் தாங்குகிறதா என்று பாருங்கள். மூன்று முறை அடிவரை இறங்கியிருக்கிறதே.

தோபாயோ வேன்காரன்:
சரி அண்ணே. சூப்பர்வைசரிடம் காட்ட அந்த வயரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.