மறுமொழி: மைக் கூவுவதற்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். மேடையில் மைக் திடீரென்று அலறுவதற்கு (ஆங்கிலத்தில் feedback) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பாடநூலில் உள்ளபடி 'ஒலிப் பின்னூட்டம்' என்றே வைத்துவிடலாமே?

அகராதியில் வைக்கலாம், மேடையில் நிற்காது. பின்னூட்டம் என்றதும் பாதிப் பேருக்கு வலைப்பதிவின் அடியில் எழுதும் கருத்துதான் நினைவுக்கு வரும். மின்னணுவியல் படித்தவர்களுக்கோ அது வேண்டாத பொருளே அல்ல. ஆம்ப்ளிபயரில் எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்புவது) கொடுத்துத்தான் ஒலித்திரிபைக் குறைக்கிறோம். நமக்குப் பெயர் தேவைப்படுவது வேறொன்றுக்கு. ஸ்பீக்கரில் வந்த ஒலி மறுபடி அதே மைக்கில் புகுந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, ஏதோ ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறதே, அதற்கு. டென்மார்க் இயற்பியலர் லார்சன் பெயரால் 'லார்சன் விளைவு' என்பார்கள். பிரெஞ்சில் வெறும் 'லார்சன்' போதும். நம் வாயில் அது ஒட்டாது.

> எதிரொலி என்றால் எல்லாருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும். "அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்துங்க" என்று பாடகர்கள் கேட்டு வாங்குவது எதிரொலி. அது தேய்ந்து அடங்கும், இது அடங்காது.

> ஊளை?

'ஹவுலிங்' என்று எங்கள் மைக் செட் பையன்கள் சொல்வதற்கு நேர்ச்சொல்தான். ஆனால் முகூர்த்த நேரத்தில் "மேடையில் ஊளை" என்று எவன் வாய் திறப்பான்?

என் பரிந்துரை: கூவல். "மைக் கூவுது" என்று ஏற்கெனவே சொல்கிறோம், வினைச்சொல் கையில் இருக்கிறது. பழந்தமிழில் கூவல் என்றால் கிணறு, தெரியும். மேடையில் யாரும் கிணறு வெட்டப்போவதில்லை.

மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மைக் கூவாமல் ஒலியை ஏற்றக்கூடிய உச்ச அளவுக்குக் 'கூவல் எல்லை' என்று பெயர் வைத்து, அதில் போட்டுப் பார்த்தேன்: "மைக்குக்கும் வாய்க்குமான தூரத்தைப் பாதியாக்கினால் சுமார் 6 டெசிபெல் லாபம். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டித்தால் கூவல் எல்லை 3 டெசிபெல் இறங்கும்." தடங்கலின்றிப் படிக்க வருகிறது. மண்டபம் காலியாக இருக்கும்போதே ஒலியை மெல்ல ஏற்றி, வேண்டுமென்றே கூவவிட்டு, 31 பட்டை ஈக்வலைசரில் (ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்து ஏற்றி இறக்கும் கருவி) எந்தப் பட்டை கூவுகிறது என்று பிடித்து அதை மட்டும் இறக்குகிறோமே, அது 'கூவல் தேடல்'. குறுகிய அலைவரிசையை மட்டும் கத்தரிக்கும் வடிகட்டி 'கூவல்வெட்டி'.

போன மாதம் ஒரு பட்டிமன்றம். பேச்சாளர் ஆவேசத்தில் மைக்கின் தலையையே உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார், உடனே கூவியது. அதை அடக்குவதாக நினைத்து இன்னும் இறுக்கிப் பொத்தினார், இன்னும் கூவியது. முன்னால் வரும் ஒலியை மட்டும் வாங்கும் அந்த வகை மைக், பின்னால் வரும் ஒலியைத் தள்ளுவதற்குக் காரணமே வலைக்கூட்டுக்குள் பின்பக்கம் இருக்கும் துளைகள்தான். அவற்றை அடைத்தால் மைக்குக்கு எல்லாத் திசையும் ஒன்றாகிவிடும். "ஐயா, கையைக் கீழே பிடிங்க" என்று ஓரத்திலிருந்து சைகை காட்டினேன். கைதட்டச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

---

ஐயா, கூவல் எனக்கும் பிடிக்கிறது, ஆனால் பாதிதான் பொருந்துகிறது. நான் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவன். மிருதங்க மைக்கை ஏற்றினால் வருவது கூவல் அல்ல. 200 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல்) அடிக்க அடிக்க அதன் சத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைப் போய்க் கூவுகிறது என்றால் வித்வான் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். காரணத்துக்குத் தனிப்பெயர் வேண்டாமா?

---

ஒப்புக்கொள்கிறேன், உறுமலை மறந்தேன். மைக், ஸ்பீக்கர், காற்று, மறுபடி மைக் என்ற அந்தச் சுற்றுக்கு 'ஒலிச்சுழல்' என்று வைப்போம். அது மேல் சுருதியில் கூவும், கீழ்ச் சுருதியில் உறுமும். எனவே 'கூவல் எல்லை' என்பதையும் மாற்றுகிறேன்: எது முதலில் வந்தாலும் ஃபேடரை (ஒலி ஏற்றும் தள்ளுகுமிழை) நிறுத்தும் இடம் ஒன்றுதான், ஆகவே 'சுழல் எல்லை'. கூவல்வெட்டி மட்டும் அப்படியே இருக்கட்டும், உறுமலையும் அதுதான் வெட்டுகிறது என்றாலும். சொல்ல நன்றாயிருக்கிறது.