ஒனியன் ரூட்டிங்கைத் தமிழில் என்னவென்று எழுதுவது?

திருகோணமலையில் இருந்து, ஆசிரியை:

வணக்கம். சனிக்கிழமை உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப மாணவர்களுக்கு ஒருநாள் பட்டறை. கையேடு வியாழன் காலை அச்சுக்குப் போகவேணும். 'ஒனியன் ரூட்டிங்' ஒன்றுதான் இன்னும் இழுபடுகிறது. செய்தியைத் தோலுக்குள் தோலாக மறைகுறியாக்கி, ஒவ்வொன்றும் ஒரு தோலை மட்டும் உரிக்கிற பல கணினிகள் வழியாக அனுப்பி, யார் யாரோடு கதைக்கிறார் என்பதையும் மறைக்கிற முறை அது. ரூட்டிங்குக்கு வகுப்பில் வழிப்படுத்தல் என்கிறோம், அதை மாற்றப் போவதில்லை. அதற்கு முன்னால் என்ன போடுவது?

போன கிழமை பிள்ளைகளிடம், மறைகுறியாக்கம் இருந்தால் போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்கள். போதாது. என்ன கதைத்தாய் என்பதைத்தான் அது மூடும். யாரோடு கதைத்தாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் வழியில் நிற்கிறவனுக்குத் தெரியும். இரவு 11 மணிக்கு ஒரு பிள்ளை மனநல உதவித் தளமொன்றைத் திறந்தாள் என்று தெரிந்தால் காணும், அவள் எழுதியதை ஒருவரும் வாசிக்கத் தேவையில்லை. இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

நிலாவெளியில் இருந்து:

ரீச்சர், வெங்காய வழிப்படுத்தல் என்றே போடுங்கள். இந்த முறையில் ஓடுகிற வலையமைப்புத்தான் டோர், அதற்கான டோர் உலாவியின் சின்னமே வெங்காயம். டோருக்குள் மட்டும் இருக்கிற தளங்களின் முகவரி 'ஒனியன்' என்று முடியும், 2015இல் அந்த முடிவை இதற்கென்றே ஒதுக்கியும் விட்டார்கள். திரையில் வெங்காயத்தைப் பார்க்கிற பிள்ளை கையேட்டில் வேறொன்றை வாசித்தால் இரண்டும் ஒட்டாது. எங்கள் தோட்டங்களில் விளைகிற சாமான்தானே.

மூதூரில் இருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், அவசரப்பட வேண்டாம். வெங்காயம் என்பது வெம்மையும் காயமும் சேர்ந்தது. காயம் என்றால் கறிக்கு இடும் காரச் சரக்கு, பெருங்காயத்தில் இருப்பதும் அதுவே. வெந்துபோகும் உடம்பு என்று சிலேடையும் சொல்வார்கள். எப்படிப் பிரித்தாலும் தோலுக்குள் தோல் என்ற கருத்து அந்தச் சொல்லில் இல்லை.

உரிவழி என்று வைப்போம். வினைத்தொகை. உரித்த வழி, உரிக்கின்ற வழி, உரிக்கும் வழி. டோரில் பொதி, அதாவது அனுப்பும் தரவுத் துண்டு, வழக்கமாக மூன்று நிலையங்களை, அதாவது இடையில் நிற்கும் கணினிகளை, தாண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நடு நிலையத்தில் நின்று பாருங்கள்: முன்னையது உரித்துவிட்டது, இது உரிக்கிறது, அடுத்தது உரிக்கும். மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்குகிறது. அப்படிப் போகிற பொதி உரிபொதி. ப் மிகக்கூடாது. 'உரிப்பொதி' என்று எழுதினால் புலியுரி போலத் தோலால் செய்த பொதியாகிவிடும்.

கிண்ணியாவில் இருந்து, மென்பொருள் பொறியியலாளர்:

சேர், இலக்கணம் வடிவாக இருக்கிறது. மகளிடம் வாசித்துக் காட்டினேன், "உரிய வழியா வாப்பா?" என்று கேட்டா. தொழிலிலும் ஒரு இடறல் இருக்கிறது. பாதுகாப்பு உரிப்பதால் வருவதில்லை, போர்த்துவதால் வருகிறது. அனுப்பும் கணினியே மூன்று தோலையும் முதலிலேயே போர்த்திவிடும், கடைசி நிலையத்தின் தோல் ஆக உள்ளே, முதல் நிலையத்தின் தோல் வெளியே. உரிவழி என்றால் போர்த்தியவனைக் காணோம்.

என் வாக்கு ஒனியன் ரூட்டிங்குக்கே. ஒட்சிசன் என்று படித்த நாங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உயிர்வளிக்குக் காத்திருந்தால் இரசாயனம் படித்திருக்க மாட்டோம்.

மூதூரில் இருந்து:

தம்பி, ஒட்சிசன் தனிமம், அதன் பெயர் பெயராகவே வரட்டும். இது ஒரு முறையின் விளக்கம். விளக்கத்தைத் தமிழில் சொல்ல முடியாவிட்டால் பிள்ளைக்கு மனப்பாடந்தான் மிஞ்சும்.

திருகோணமலையில் இருந்து, ஆசிரியை:

நேற்று வகுப்பில் செய்து பார்த்தேன். மூன்று பழுப்பு உறைகள், ஒன்றுக்குள் ஒன்று. மேசைகளுக்குக் கிண்ணியா, மூதூர், வெருகல் என்று பெயர். முன் வாங்குப் பிள்ளை பின் வாங்குக்குக் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு மேசையும் தன் பெயரிட்ட உறையை மட்டும் கிழித்தது. கிண்ணியா மேசைக்கு யார் கொடுத்தது என்று தெரியும், யாருக்குப் போகிறது என்று தெரியாது. வெருகலுக்கு யாருக்குப் போகிறது என்று தெரியும், யார் எழுதியது என்று தெரியாது. நடுவில் இருந்த மூதூருக்கு இரண்டுமே தெரியாது.

பிறகு வெருகல் மேசை கடிதத்தை விரித்து வாசித்தது. அடியில் எழுதியவளின் கையொப்பம்! கடைசி நிலையத்துக்கு அப்பால் எச்டிடிபிஎஸ் (உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான மறைகுறியாக்கம்) ஏன் வேண்டும் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொருவன் எழும்பி, முன் வாங்கில் கொடுத்த நேரத்தையும் பின் வாங்கில் வாங்கிய நேரத்தையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கலாமே என்றான். டோரின் அறியப்பட்ட பலவீனமே அதுதான். அவனை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

பிள்ளைகளின் வாயில் வந்தது உறை. உறையடுக்கு வழிப்படுத்தல் எப்படி?

மூதூரில் இருந்து:

அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று அல்ல. உறைக்கோ குடியிருத்தல், பால் தோய்தல், கத்தியின் கூடு என்று பல பொருள். 'உறையுள்' என்றால் வீடு.

கந்தளாயில் இருந்து:

சொல் இருக்கட்டும். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் வேணுமா? ஒளித்துச் செய்கிறவர்களின் கருவி என்கிறார்கள்.

திருகோணமலையில் இருந்து, ஆசிரியை:

அண்ணா, இது 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் பிறந்தது. கடற்படை மட்டும் பாவித்தால், அந்த வழியால் வருவதெல்லாம் கடற்படையின் பொதி என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் எல்லாரும் பாவிக்கத் திறந்துவிட வேண்டியிருந்தது. 2002இல் டோர் இயங்கத் தொடங்கியது. சாதாரண ஆட்களின் கூட்டம் இல்லாமல் இந்த முறை வேலை செய்யாது. படிப்பிக்கத்தான் வேண்டும்.

புதன் இரவு ஆகிவிட்டது. வெங்காயத்துக்கு ஐந்து பேர், உறைக்கு இருவர், மற்ற இரண்டுக்கும் ஒவ்வொருவர். தலைப்பு 'வெங்காய வழிப்படுத்தல்', கீழே உறைப் படம். பொதிக்கு மட்டும் சேரின் சொல்லை எடுத்திருக்கிறேன். பிரதியை இணைத்துள்ளேன்.

கிண்ணியாவில் இருந்து:

அடைப்புக்குள் ஒனியன் ரூட்டிங் என்றும் போடுங்கள் டீச்சர். தேடுகிற பிள்ளை அதைத்தான் தேடும்.

மூதூரில் இருந்து:

தலைப்பு எனக்கு உடன்பாடில்லை, அடுத்த பதிப்பில் திரும்பவும் கேட்பேன். நாலாம் பக்கம் மூன்றாம் வரியில் 'உரிப்பொதி' என்று விழுந்திருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கமுன் அந்தப் ப்-ஐ எடுத்துவிடுங்கள்.