‘எதுவும் இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் படிக்கச் சொன்னோம்

என் மகளுக்கு இப்போது 10 வயது. கழுத்து நிற்கவே ஒரு வருடம் ஆயிற்று, நடந்தது 4 வயதில். பேச்சு இன்னும் இரண்டு மூன்று சொல்லைத் தாண்டவில்லை. நடுவில் வலிப்பும் சேர்ந்துகொண்டது. எம்ஆர்ஐ, குரோமோசோம் துண்டுகள் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே, கடைசியாக எக்ஸோம் என்ற மரபணுச் சோதனை. எல்லாவற்றிலும் ஒரே வரி: குறிப்பிடும்படி எதுவும் இல்லை. அன்று இரவு, அவள் வயிற்றில் இருந்தபோது நான் சாப்பிட்ட மாத்திரைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸோம் படிப்பது டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் ஒன்றிரண்டு சதவீதத்தை மட்டும்தான் என்று அப்போது யாரும் விளக்கவில்லை. ‘ஜீன் டெஸ்ட் நார்மல்’ என்றே நம்பிவிட்டோம். இரண்டு வருடம் கழித்து வேறொரு மரபியல் மருத்துவர், அவள், நான், அவள் அப்பா மூவருக்கும் முழு ஜீனோம், அதாவது டிஎன்ஏ முழுவதையும் படிக்கும் சோதனை, எடுக்கச் சொன்னார். 300 கோடி எழுத்துகளிலும் ஒன்றும் சிக்கவில்லை. “டேட்டா இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்ப்போம்” என்றார்.

2024-இல் ஆர்என்யு4-2 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு வந்தது. அது புரதம் எதையும் செய்யாது, சின்ன ஆர்என்ஏ ஒன்றைத்தான் தரும். எக்ஸோமுக்கு அது தெரியாமல் போனது அதனால்தான். எங்கள் பழைய கோப்பையே திறந்து அந்த இடத்தைப் பார்த்தார்கள். ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. எங்கள் இருவரிடமும் இல்லை, அவளிடம்தான் புதிதாக வந்திருக்கிறது. மறுபடி ரத்தம்கூட எடுக்கவில்லை.

இதற்கென்று மருந்து இல்லை. பிசியோ, பேச்சுப் பயிற்சி, வலிப்பு மாத்திரை எல்லாம் பழையபடிதான். ஆனாலும் அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நான் சாப்பிட்ட எதுவும் காரணம் இல்லை.

பதில்:
அக்கா, எங்களுக்கு மருந்தே மாறியது. பையனுக்கு 6 மாதத்தில் காய்ச்சலோடு வலிப்பு. கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்து கொடுக்கக் கொடுக்க அதிகமாயிற்று. டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்ஸிங்கில் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம், குழந்தையிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான டிராவே சிண்ட்ரோம் என்றார்கள். மூளையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களில் சோடியம் வாயில்கள் ஏற்கெனவே குறைவு, இந்த மருந்து மிச்சத்தையும் அடைக்கிறதாம். வால்ப்ரோயேட், க்ளோபசாமுக்கு மாற்றினார்கள். வலிப்பு முழுசாக நிற்கவில்லை, ஆனால் ஐசியுவுக்கு ஓடுவது நின்றது. அதே ரிப்போர்ட்டில் வேறொரு மரபணுவில் ‘பொருள் தெளியாத மாற்றம்’ என்றும் இருக்கிறது. அதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. கோப்பு என்று எதைக் கேட்க வேண்டும்? எங்களிடம் தாள் மட்டும்தான் இருக்கிறது.

பதில்:
மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பு மட்டும் போதாது தம்பி, அன்றைய மென்பொருள் கண்டுபிடித்த மாற்றங்கள்தான் அதில் இருக்கும். இயந்திரம் படித்த எழுத்துகள் எல்லாம் இருக்கும் ஃபாஸ்ட்க்யூ அல்லது பேம் கோப்பைக் கேளுங்கள். பெரிய கோப்பு, ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள். லேப் அதை எத்தனை வருடம் வைத்திருக்கும் என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள்.