வீட்டில் பதிவு செய்த கிட்டார் ஒலியில் கீச்சொலியும் இரைச்சலும்

கேள்வி:
அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டு அறையிலேயே ஒரு கன்டென்சர் மைக் வைத்துப் பதிவு செய்கிறேன். கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாற்றும்போதெல்லாம் தடித்த கம்பிகளில் விரல் உரசிக் கீச்சொலி எழுகிறது. கணினி விசிறியின் இரைச்சலும் ஓயாமல் கேட்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலை நீக்கினால், கிட்டார் தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதால் ஒரே கருவியால் இரண்டையும் தீர்க்க முயலாதீர்கள். விசிறியின் இரைச்சல் மாறாமல் தொடர்வது. வாசிக்கத் தொடங்குமுன் சில நொடிகள் அறையின் ஒலியை மட்டும் பதிந்து, அதையே மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். அடியோடு அகற்றும் ஆசையில் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், கம்பியின் அதிர்வு தேய்ந்து அடங்கும் பகுதியையும் மென்பொருள் இரைச்சலென்று எண்ணி அரித்துவிடும். ஒலி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் அதை அடைத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’ கருவியும் அந்த இடத்தில்தான் கத்தரிக்கும் என்பதால், தனிக் கிட்டாருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2:
மென்பொருளைவிட மைக்கின் இடம் முக்கியம். தூரத்தைப் பாதியாக்கினால் கிட்டாரின் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். கிட்டார் கழுத்தின் 12ஆம் ஃப்ரெட்டை (குறுக்குப் பட்டையை) நோக்கி 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கும்மென்ற தாழொலி மிகும். முன்புற ஒலியையே மிகுதியாக வாங்கும் கார்டியாய்ட் மைக் என்றால் கணினி அதன் முதுகுப்புறம் இருக்கட்டும். வழக்கமான சுருதியில், மிகத் தாழ்ந்த ஒலி தரும் ஆறாம் கம்பியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ் என்பதால், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைத் தயங்காமல் வெட்டலாம்.

பதில் 3:
கீச்சொலிக்கு வருகிறேன். தடித்த கம்பிகளின் மேல் சுற்றியுள்ள மெல்லிய கம்பியின் வரிகளில் விரல் வழுக்கும்போது அது பிறக்கிறது. விரலை இழுக்காமல் சற்றே தூக்கி நகர்த்தப் பழகுவதே முதல் மருந்து. மேற்பரப்பைத் தேய்த்து மழுப்பிய கம்பிகளும் உண்டு, ஆனால் அவற்றின் ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும். பதிந்துவிட்டதைத் திருத்த, உறுத்தும் கீச்சொலிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து 4 அல்லது 5 டெசிபல் தணியுங்கள். முற்றிலும் அழித்தால் அங்கே ஓர் ஓட்டை கேட்கும். ஐசோடோப் ஆர்எக்ஸ் என்ற ஒலிச்சீரமைப்பு மென்பொருளில் இதற்கென்றே தனிக் கருவி இருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இவற்றைக் கம்ப்ரஷனுக்கு முன் செய்ய வேண்டுமா, பின்பா?

பதில் 1:
முன்பே செய்யுங்கள். கம்ப்ரஷர் உரத்த ஒலிகளை அடக்கிய பிறகு மொத்த அளவை உயர்த்துவோம் அல்லவா, அப்போது அடியில் கிடந்த இரைச்சலும் சேர்ந்து மேலே வந்துவிடும்.