குடும்பக் குழு: ரேமுக்கு எத்தனை வோல்ட்?

செல்வி அக்கா: தம்பி, மூத்தவன் கம்ப்யூட்டர்ல பழைய 8 ஜிபி ரேம் ரெண்டோட புதுசா ரெண்டு சேத்து, எக்ஸ்எம்பி (ரேமை வேகமா ஓட்டுத ரெடிமேட் செட்டிங்) 3600 வேகத்துல போட்டிருக்கான். கேம் நடுவுல நீலத்திரை வந்து நின்னுருது. ரேம் வோல்ட்டை 1.45 ஆக்குனா சரியாயிரும்ங்கான். ஆக்கலாமா?

தச்சநல்லூர் தம்பி: வேண்டாம்க்கா. என்ன ப்ராசஸர்?

செல்வி அக்கா: ரைசன் 5 5600. ரேம் டிடிஆர்4 வகை, ஸ்டிக்கர்ல 1.35 வோல்ட்னு இருக்கு.

தச்சநல்லூர் தம்பி: அதுக்கு ஏஎம்டி சொல்லுத வேகக் கணக்கு ரெண்டு ரேம் ஸ்டிக்குக்கு 3200. நாலு போட்டா சிங்கிள் ரேங்க்னா (ஸ்டிக்குல சிப்பு ஒரே தொகுதி) 2933, டூயல் ரேங்க்னா (ரெண்டு தொகுதி) 2666தான். 3600ங்கது ஓவர்க்ளாக், சொன்ன அளவுக்கு மேல ஓட்டுதது. திணறுதது ப்ராசஸருக்குள்ள இருந்து ரேமை மேய்க்குத மெமரி கன்ட்ரோலர். ரேம் வோல்ட்டை ஏத்துனா அதுக்கு பெலன் வராது, ரேம்தான் சுடும்.

பேட்டை மாமா: டிடிஆர்4 பொதுவா 1.2 வோல்ட், எக்ஸ்எம்பிக்கு 1.35. டிடிஆர்3 1.5, டிடிஆர்5 1.1. ஒண்ணோட கணக்கை இன்னொண்ணுக்கு போட்டுறாதீங்க. 1.45ல ஓடுத ரேமும் கடையில உண்டு, அது அதுக்குன்னு பொறுக்கி எடுத்த சிப்பு. நம்ம ஊரு சித்திரை வெயில்ல, காத்தோட்டம் இல்லாத கேபினெட்ல காலையில ஒழுங்கா ஓடுனது மதியம் எரர் அடிக்கும்.

செல்வி அக்கா: அப்ப என்ன செய்ய?

தச்சநல்லூர் தம்பி: பயாஸ்ல (விண்டோஸ் வரதுக்கு முன்னால தெறக்குத செட்டிங் மெனு) எக்ஸ்எம்பி இருக்கட்டும். மெமரி ஸ்பீடை மட்டும் 3200, எஃப்க்ளாக் (ப்ராசஸரோட உள் இணைப்பு வேகம்) 1600. ரேம் வோல்ட் 1.35, எஸ்ஓசி வோல்ட் (மெமரி கன்ட்ரோலர் பக்கம் போவுத வோல்ட்) 1.1. டைமிங்கை (ரேம் பதில் சொல்ல எடுக்குத நேரக் கணக்கு) தொட வேண்டாம். கம்ப்யூட்டர் வெவரம் காட்டுத சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல 1600ன்னு காட்டும், பயந்துராதீங்க, அதோட ரெண்டு மடங்குதான் 3200. பெறவு பென்டிரைவ்ல இருந்து ரேமை சோதிக்குத மெம்டெஸ்ட்86ஐ நாலு பாஸ் (நாலு சுத்து) ராத்திரி ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் 2933க்கு எறக்கணும், அதுலயும் வந்தா 2666.

பேட்டை மாமா: ஒரு எரர்தானன்னு விட்டுராத தாயி. காப்பி பண்ணுத ஃபைல் சத்தமில்லாம கெட்டுப்போவும், திறக்கும்போதுதான் தெரியும். டெஸ்ட் முடியுத வரைக்கும் விண்டோஸ் அப்டேட்டும் போட வேண்டாம்.

செல்வி அக்கா: ஸ்கிரீனே வரலன்னா?

தச்சநல்லூர் தம்பி: ப்ளக்கைப் பிடுங்கி, மதர்போர்டுல உள்ள சிஆர்2032 பேட்டரியை அஞ்சு நிமிஷம் கழட்டி வைங்க. பயாஸ் பழைய நெலைக்கு வந்துரும். அதுக்கும் மசியலன்னா புது ரெண்டையும் கழட்டிட்டு, பழைய ரெண்டை ப்ராசஸர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல மட்டும் போட்டுப் பாருங்க.

செல்வி அக்கா: மெம்டெஸ்டுக்கு 8 ஜிபி பென்டிரைவ் போதுமா?

தச்சநல்லூர் தம்பி: தாராளமா. ஆனா அதுல உள்ளதெல்லாம் அழிஞ்சிரும், போட்டோ கீட்டோ இருந்தா மொதல்ல எடுத்து வச்சிருங்க.