ஊரில் எல்லோருக்கும் இலவசமாக போட்டோ பிரேம் போட்டுக் கொடுக்க நினைத்தேன், ஒரு ஆச்சி மடக்கிவிட்டார்

களக்காட்டான்:
சென்னையில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண போட்டோவும் எடுப்பேன். சொந்த ஊர் களக்காடு பக்கம் சின்ன கிராமம், பீடி சுற்றுகிறவர்களும் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும்தான் அதிகம். போன மாதம் தெருவில் ஒரு தாத்தா தவறிவிட்டார். வீட்டில் அவருடைய போட்டோ என்று ஒன்று கூட இல்லை, மகன் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினான். அவர்கள் அந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டி, வெள்ளைச் சட்டை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் அதற்கு மாலை போடும்போது தாத்தாவின் மனைவி உற்றுப் பார்த்துவிட்டு, "அவுக சட்டையே போட மாட்டாகளே" என்றார்.

அது மனதை விட்டுப் போகவில்லை. ஊரில் வயதானவர்கள் ஒரு அறுபது பேர் தேறுவார்கள், ஆளுக்கு ஒரு நல்ல போட்டோ எடுத்து பிரேம் போட்டு இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் கேட்டது பக்கத்து வீட்டு ஆச்சியிடம். "எய்யா, நான் உசிரோட இருக்கது உனக்குப் பொறுக்கலியா? இப்பமே செவத்துல ஏத்தப் பாக்கியே!" தெருவே சிரித்தது, எனக்குத்தான் முகம் செத்துவிட்டது. இதைச் செய்யலாமா, வேண்டாமா? செய்தால் எப்படி? கண்ணாடி போட்ட பிரேமா, லேமினேஷனா?

அம்பை ஸ்டுடியோ:
தம்பி, ஆதார் கார்டோடு வருகிறவர்களை வாரம் ஒருத்தராவது நானும் பார்க்கிறேன். சட்டை ஒட்டிக் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு, விடுங்கள்.

அளவு 8க்கு 12 அங்குலம் போதும். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 2400க்கு 3600 பிக்சல்தான் வேண்டும், அதாவது 8.6 மெகாபிக்சல், உங்கள் பழைய கேமராவே தாங்கும். விகிதமும் சென்சாரோடு ஒத்துப்போகும், ஓரத்தில் நிற்கிற பேரனை வெட்ட வேண்டி வராது. கண்ணாடி வேண்டாம். மண்சுவரில் மழைக்காலத்து ஈரம் ஏறினால் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். பின்பக்கம் ஹார்ட்போர்டு வைத்தால் கரையானுக்கு விருந்து. லேமினேட் பண்ணி சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகையில் ஒட்டி பைபர் பிரேம் போடுங்கள், பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவரில் படாமல் காற்று போகும். மண்சுவரில் ஆணி நிற்காது, விட்டத்தில் கட்டித் தொங்கவிடக் கயிறும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

மேலச்செவல் மதினி:
பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதில் என்ன தப்பு? நம் பக்கத்தில் தனி ஆளாக மார்பளவு படம் எடுத்துச் சுவரில் மாட்டினால் கீழே ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிற ஞாபகம்தான் வரும். வயசானவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டதே கோளாறு. "எல்லாரும் வாங்க, குடும்பத்தோட நில்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அதே ஆச்சி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்காருவார்.

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குச் செய்யுங்கள். திருப்பூரிலும் கேரளாவிலும் கிடக்கிற பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்திருக்கும், எல்லோரும் நல்ல சேலை உடுத்தி பூ வைத்திருப்பார்கள், படத்துக்கென்று தனியாக யாரும் கடன் வாங்கிச் சேலை எடுக்க வேண்டாம். ஒரு ஆளுயரக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா வைத்துவிடுங்கள். எந்தப் படம் வேண்டும் என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் முடிவு பண்ணாதீர்கள். நூறு நாள் வேலையில் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் எங்க அம்மையைப் போனில் போட்டோ எடுப்பார்கள், வருகைப் பதிவுக்காம். அத்தனை படத்தில் ஒன்றையாவது அவளிடம் காட்டினதில்லை.

ஏரல்காரன்:
மதினி சொல்வதுதான் சரி. அமெரிக்காவில் ஜெரிமி கவர்ட் என்கிற போட்டோகிராபர் 2009-ல் ஹெல்ப் போர்ட்ரெய்ட் என்று ஒன்றை ஆரம்பித்தார், இல்லாதவர்களைப் படம் எடுத்து பிரிண்ட்டை அவர்கள் கையிலேயே கொடுப்பது. படம் அவர்களுக்குத்தான், உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. நம்மூரில் ஒரு தையல் மிஷின் கொடுத்தால்கூட பத்துப் பேர் ஆளுக்கொரு கை வைத்து நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள். பிரேம் மூலையில் உபயம் என்று உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி, பிற்காலத்தில் மாலைக்குள்ளிருந்து உங்கள் பெயர்தான் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று, ஃபைலை அழிக்காதீர்கள். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. அரிசியும் துணியும் நிவாரணமாக வந்துவிட்டது, எங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பம் சேற்றில் ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தது. நெகட்டிவ் கேட்கலாம் என்றால் எடுத்த ஸ்டுடியோவே இப்போது இல்லை. வீட்டு வாரியாகப் பெயர் போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.

களக்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. கொடைக்கே வைத்துக்கொள்கிறேன், கோவிலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிழல் நன்றாக இருக்கும், பின்னால் ஒரு நீலத் துணி கட்டினால் போதும். கொடை நாளில் ஒரு தெருவே கூடிவிடும் என்பதால் பிரிண்டை மறுவாரம் வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நேற்று போனில் அந்த ஆச்சியிடம் குடும்பப் படம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பாம்படம் அடகுல கெடக்கு, கொடைக்குள்ள திருப்பிருவேன், அதுக்கு முன்னால எடுத்துராதே" என்றார்.

அம்பை ஸ்டுடியோ:
அப்படியானால் பக்கவாட்டில் திருப்பி உட்கார வையுங்கள், காது தெரிய வேண்டும். பாம்படத்துக்கு ஃப்ளாஷ் நேராக அடிக்காதீர்கள், வெள்ளையாக வெடித்துவிடும்.