சர்வர்ல தமிழ் ஃபோல்டர் பேர் எல்லாம் நம்பரா வருது, அவசரம்

வைகைக்கரை:
வணக்கம், சர்வருக்குள்ள எஸ்எஸ்எச்ல (தூரத்துல இருந்தே லாகின் பண்றது) போய், ஃபோல்டர் லிஸ்ட் காட்டற எல்எஸ் கமாண்ட் அடிச்சா தமிழ்ல பேர் வச்ச ஃபோல்டர் எல்லாம் இப்படி வருது, லேப்டாப்ல இருக்க தமிழ் ஃபோல்டர் எல்லாம் நல்லாதான் தெரியுது. எல்லாம் கெட்டுப்போச்சா? நாளைக்குள்ள வேற சர்வருக்கு மாத்தியாகணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க

''$'\340\256\225\340\256\265\340\256\277\340\256\244\340\257\210'

டெபியன்தாசன்:
என்ன ஓஎஸ், எந்த டெர்மினல், லொகேல் (மொழி, எழுத்துமுறை செட்டிங்) கமாண்ட் அடிச்சா என்ன வருது, எதையுமே சொல்லாம அவசரம்னா எப்படி தம்பி. இதே விஷயம் இங்க பலமுறை பேசியாச்சு, பழைய இழைங்கள தேடிப் பாத்துட்டு வந்து கேக்கற பழக்கம் வேணும்.

குறிஞ்சி_வலை:
ஃபான்ட் பிரச்சனைதான். நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லனா லோஹித் தமிழ் இன்ஸ்டால் பண்ணுங்க. எனக்கும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு, அதுலதான் சரியாச்சு.

மீனா_டெவ்:
கட்டமா வந்தா ஃபான்ட். இவருக்கு நம்பரா வருது, அது வேற. அந்த நம்பர் எல்லாம் ஆக்டல் (எட்டடிமான எண்), யூனிகோட் எழுத்த பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8ல தமிழ் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட், 340 256னோ 340 257னோ ஆரம்பிக்கும். நீங்க ஒட்டினத மூணு மூணா பிரிச்சுப் பாத்தேன்: 340 256 225 க, 340 256 265 வ, 340 256 277 இகரக் கொக்கி, 340 256 244 த, 340 257 210 ஐகாரக் குறி. "கவிதை"தானே ஃபோல்டர் பேரு? 15 பைட்டும் முழுசா இருக்கு, ஒண்ணும் கெடல, பயப்படாதீங்க. அது யூடிஎஃப்-8னு எல்எஸ்ஸுக்கு தெரியல, அவ்வளவுதான். லாகின் ஆகறப்ப ஏதாவது வார்னிங் வருதா?

வைகைக்கரை:
ஆமா கவிதைதான்!! அப்பாடா. உபுண்டு, கன்ட்ரோல் ஆல்ட் டி அடிச்சா வர்ற டெர்மினல். செட்லொகேல்னு ஏதோ ஒரு வார்னிங் வரும், எப்பவும் வர்றதுதானேன்னு சொல்லல. லேப்டாப் ரொம்ப நாளா தமிழ் மொழியிலதான் வச்சிருக்கேன்

மீனா_டெவ்:
அதுதான் காரணம். உங்க லேப்டாப்ல மொழிய குறிக்கற லாங் வேரியபிள்ல தமிழ் லொகேல் இருக்கு, எஸ்எஸ்எச் அத அப்படியே சர்வருக்கு கொண்டு போகுது, அங்க அந்த லொகேலே ஜெனரேட் ஆகல, அதனால எல்லா புரோகிராமும் பழைய சி லொகேலுக்கு விழுந்துடுது, அதுல ஆஸ்கி (இங்கிலீஷ் எழுத்து, எண், குறிகள்) தாண்டி எதுவும் எழுத்தே இல்ல. சர்வர்ல ரூட் (அட்மின்) உரிமை இருந்தா டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ் ஓட்டி தமிழ் இந்தியாவ டிக் பண்ணுங்க. ரூட் இல்லனா லாங் வேரியபிள சி.யூடிஎஃப்-8னு வச்சாலே போதும்.

திஸ்கிகாலத்து_ஆள்:
லொகேல் எல்லாம் மேல்பூச்சு. 1988 இஸ்கிங்கற இந்திய மொழிக் குறியீட்டோட அடுக்க எடுத்து யூனிகோட்ல தமிழ வச்சதுதான் மூலகாரணம். "கொ" நமக்கு ஒரு எழுத்து, அங்க ககரம் தனி குறி தனி. டேஸ் 16ங்கற தமிழ் குறியீட்டுல அது ஒரே இடம். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடோட டேஸ் 16ஐயும் தரமா அறிவிச்சுது, நம்ம ஆளுங்கதான் கண்டுக்கல.

மீனா_டெவ்:
ஐயா, டேஸ் உக்காந்திருக்கறது யூனிகோட்ல யார் வேணா சொந்தமா வச்சுக்கற தனிப்பயன் பகுதியில. அதுக்குன்னு ஃபான்ட் இல்லாத போன்ல ஒரு எழுத்தும் தெரியாது, தேடினா கிடைக்காது. இந்த சர்வர்ல டேஸ்ல பேர் வச்சிருந்தாலும் யூடிஎஃப்-8ல அதுவும் மூணு பைட்தான், சி லொகேல்ல இதே மாதிரி நம்பராதான் வந்திருக்கும்.

திஸ்கிகாலத்து_ஆள்:
லொகேல சரி பண்ணச் சொல்லும்மா. அப்புறம் "கொ" எப்படி வருதுன்னு பாத்துட்டு பேசு.

டெபியன்தாசன்:
ரெண்டு பேரும் பாதி பாதி சரி. டெர்மினல் இன்னும் விடி100ங்கற பழைய டெர்மினல் மெஷினோட பழக்கத்துலயே ஓடுது, 1978ல வந்தது, 80 கட்டம் 24 வரி, ஒரு குறிக்கு எத்தன கட்டம்னு டபிள்யூசிவிட்த்ங்கற ஃபங்ஷன் சொல்லும். நிறைய இடத்துல இருக்கற கணக்குப்படி புள்ளிக்கு 0, இகரக் கொக்கிக்கு 1. அதனால "க்" ஒரு கட்டம், "கி" ரெண்டு. "கொ"வுல கொம்பு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும், கட்டம் கட்டமா தனித்தனியா வரையற டெர்மினலுக்கு அது முடியாது, புள்ளி வட்டத்தோட பிச்சு வச்சிடும். எழுத்துங்கள சேத்து வடிவமைக்கற டெர்மினல் வேணும். கேடிஈ கான்சோல் இல்லனா எம்எல்டெர்ம் போட்டுப் பாருங்க, நான் வருஷக்கணக்கா சொல்றேன், யாரும் கேக்கறதில்ல.

குறிஞ்சி_வலை:
பேசாம ஃபோல்டருக்கு இங்கிலீஷ்ல பேர் வச்சுட்டா என்ன?

மீனா_டெவ்:
ஏன் வைக்கணும்? ஓஎஸ்ஸோட மையமான கெர்னலுக்கு ஃபைல் பேர்ங்கறது வெறும் பைட், சாய்வுக்கோடும் சுழி பைட்டும் மட்டும்தான் கூடாது. தமிழ் பேர் முழு உரிமையோட அங்க இருக்கலாம். காட்டத் தெரியாத புரோகிராம திருத்தணும்.

வைகைக்கரை:
லொகேல் போட்டேன், பேரெல்லாம் தெரியுது, காப்பி ஓடிக்கிட்டிருக்கு. ரொம்ப நன்றிக்கா. "கொடி"ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அந்தப் பேர டைப் பண்ணி திருத்தறப்ப மட்டும் கர்சர் தள்ளித் தள்ளி நிக்குது. கான்சோல் நாளைக்குப் பாக்கறேன்

எருக்கம்பூ:
எனக்கு டிமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல விண்டோ திறக்கற புரோகிராம்) உள்ள போனா தமிழ் எழுத்து பூரா அடிக்கோடா மாறிடுது, வெளிய நல்லா வருது. இதுவும் லொகேலா?

மீனா_டெவ்:
ஆமா. இப்போதைக்கு டிமக்ஸ மைனஸ் யூ போட்டு ஆரம்பிங்க. உங்க சர்வர் லொகேல் என்ன காட்டுதுன்னு ஒட்டுங்க.